அரசலாற்றில் கவிழ்ந்த விமானம்

தரையில் இறங்குகிற விமானத்தையே நான் அதுவரை பார்த்ததில்லை. தண்ணீரிலும் தரையிலும் இறங்குகிற விமானம் ஒன்று இருக்கிறது, அதை ஓட்டிக்கொண்டு தன் தம்பி காரைக்காலுக்கு வரப்போகிறான் என்று வீட்டுக்கார அக்கா சொன்னபோது, கையிலிருந்த காபியை ஆறவிட்டுக் கேள்வி மேல் கேள்வி கேட்டேன்.

"தண்ணியில இறங்கினா முழுகாதாக்கா?"

"முழுகாதாம். வயிறு படகு மாதிரி இருக்குமாம்."

"அப்ப தரையில?"

"தரைக்குச் சக்கரமாம்."

"படகுக்கு அடியில சக்கரம் இருந்தா தண்ணியில இடிக்காதா?"

"அவன் வருவான்ல, அவனையே கேளு. எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாவுது."

அப்போது நான் காரைக்கால் ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. எங்கள் ஊர் வரிச்சிக்குடி. அப்பாவுக்குக் கொஞ்சம் நஞ்சை இருந்தது. டியூட்டி முடிந்து நேரங்கெட்ட நேரத்தில் ஊருக்குத் திரும்புவது சரிப்படாது என்று காரைக்காலை ஒட்டிய தருமபுரத்தில் இந்த அக்காவின் வீட்டு முன்னறையில் என்னைத் தங்க வைத்திருந்தார்கள். அக்கா பெண்கள் பள்ளியில் ஆசிரியை. உயரமானவர், குரலும் பெரிது. கணவர் சைகோனில் வேலை பார்த்தார். தம்பியை அவர்தான் இளவயதில் அங்கே அழைத்துப் போனார். ஒரு ரப்பர் தோட்டத்து முதலாளியிடம் மெக்கானிக்காகச் சேர்ந்த தம்பி, முதலாளியின் சின்ன விமானத்தைத் துடைத்து, பழுது பார்த்து, கடைசியில் ஓட்டவும் கற்றுக்கொண்டுவிட்டார். அங்கே தோட்டத்துக்குப் பக்கத்தில் பெரிய ஆறு. ஆற்றில்தான் இறங்குவார்களாம்.

பிரெஞ்சுக்காரர்கள் அங்கேயும் இங்கேயும் மூட்டை கட்டிய காலம் அது. முதலாளி தன் நாட்டுக்குக் கிளம்பியதும் தம்பி கப்பலேறி ஊருக்கு வந்தார். மெட்ராஸில், கடற்கரையை மேலிருந்து படமெடுக்கிற ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. அவர்களிடம் அதே மாதிரி விமானங்கள் இருந்தன. தை மாதத்தில் கோடியக்கரைப் பக்கம் போகும் வழியில் காரைக்காலில் இறங்கி, அக்கா கையால் சாப்பிட்டுவிட்டுப் போவதாக அவர் சொல்லியனுப்பியிருந்தார். அரசலாற்று முகத்துவாரத்துக்கு வடக்கே ஈரமணல் இறுகிக் கிடக்கிற இடத்தில் ஒரு வெள்ளைப் போர்வையை விரித்து வைத்தால் போதும், அங்கே சக்கரத்தில் இறங்கிக்கொள்வேன் என்பது ஏற்பாடு.

அக்காவுக்கு வாயில் எதுவும் தங்காது. பள்ளிக்கூடத்தில் சொன்னார். மீன் விற்க வருகிறவளிடம் சொன்னார். கடைத்தெருவில் சொன்னார். எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து டாக்டரிடமும் சொன்னார். நானும் சும்மா இருந்தேன் என்று சொல்ல முடியாது. வார்டில் ஒரு கிழவரின் காலுக்குக் கட்டுப் போடும்போதுகூட அந்தப் பேச்சுதான். விமானம் வரும் நாளில், வெயில் ஏறும் முன்பே கடற்கரையில் திருவிழாக் கூட்டம். திருமலைராயன்பட்டினத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். சுண்டல் விற்கிறவர் வந்துவிட்டார்.

போர்வையை விரித்து நாலு மூலையிலும் மணல் அள்ளிப் போட்டது நானும் அக்காவும்தான். காற்று தெற்கிலிருந்து லேசாக அடித்தது. நிற்கிற இடத்தில் கால் பதியவில்லை. மணல் அவ்வளவு இறுக்கம்.

முதலில் சத்தம்தான் வந்தது. நெல் மில் எஞ்சின் தூரத்தில் ஓடுவது போல. பிறகு வடக்கே ஒரு புள்ளி, புள்ளிக்கு இறக்கை, இறக்கைக்கு நடுவில் ஒரு குண்டு வயிறு. கிட்ட வந்ததும்தான் அதன் விசித்திரம் தெரிந்தது. எஞ்சின் மூக்கில் இல்லை, தலைக்கு மேலே உட்கார்ந்திருந்தது. விசிறி பின்னால் பார்த்துச் சுற்றியது. இறக்கைகளின் நுனியில் பக்கத்துக்கொன்றாக இரண்டு சின்னப் படகுகள் தொங்கின. எங்கள் தலைக்கு மேல் ஒரு வட்டம் அடித்தது. அக்கா முந்தானையை வீசினார். உள்ளேயிருந்து ஒரு கை அசைந்ததை நான் பார்த்தேன்.

இரண்டாவது வட்டத்தில் அது தாழ்ந்து போர்வையை நோக்கி வந்தது. வயிற்றின் இருபுறமும் சக்கரங்கள் கீழே நீட்டிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்ததும் கூட்டத்துக்குப் பொறுக்கவில்லை. கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும் என்று யாரோ ஒருவர் ஓடினார். அவர் பின்னால் பத்துப் பேர், பிறகு கூட்டம் மொத்தமும். போர்வை இருந்த இடத்தில் தலைகள்தான் தெரிந்தன. அக்கா, "ஓடாதீங்க, நில்லுங்க, அவன் அங்கதான் இறங்கணும்" என்று கத்தினது எஞ்சின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

விமானம் கூட்டத்தின் மேலாக உறுமிக்கொண்டு உயர்ந்தது. கடல் பக்கம் திரும்பி, தெற்கே போய், அரசலாற்றின் மேல் நேராக வந்தது. ஆற்றில் இறங்கப் போகிறார் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. கூட்டம் இப்போது ஆற்றங்கரைக்கு ஓடியது. நானும் ஓடினேன்.

ஆற்றில் நல்ல தண்ணீர் இருந்தது. நடுவில் ஒரு பாய்மரத் தோணி நங்கூரம் போட்டு நின்றது. விமானம் அதைத் தாண்டி, மெல்ல மெல்லத் தாழ்ந்து, தண்ணீரைத் தொட்டது. நான் எதிர்பார்த்தது, வாத்து இறங்குவது போல ஒரு சறுக்கல். நடந்தது வேறு. தொட்ட மாத்திரத்தில் யாரோ அடியிலிருந்து காலைப் பிடித்து இழுத்த மாதிரி மூக்கு உள்ளே போயிற்று. வால் எழும்பி வானத்தைப் பார்த்தது. தண்ணீர் இரண்டு பக்கமும் சுவர் போல எழுந்து விழுந்தபோது விமானம் மல்லாந்து கிடந்தது. எஞ்சின் சத்தம் நின்றுபோயிருந்தது.

தோணியின் பக்கத்தில் ஒரு சின்னப் படகில் இரண்டு பேர் இருந்தார்கள். அதில் மூத்தவர் அந்தத் தோணியை யாழ்ப்பாணத்துக்கும் இங்கேயுமாக ஓட்டுகிறவர், திருமலைராயன்பட்டினத்துக்காரர். அவர்கள் துடுப்புப் போட்டு அங்கே போய்ச் சேர்வதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. மூத்தவர் கயிறு அறுக்கிற கத்தியை வாயில் கவ்விக்கொண்டு குதித்தார். ஒருமுறை மேலே வந்தார், கை வெறுமையாக இருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி போனார். அடுத்த முறை அவர் வந்தபோது கூடவே இன்னொரு தலை வந்தது.

படகு கரைக்கு வந்ததும் நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன். ஆள் உயிரோடு இருந்தார். குப்புறப் போட்டுத் தண்ணீரை வெளியேற்றினோம். நெற்றியில் வெட்டு, இடது தோள் பட்டை எலும்பு தோலுக்கடியில் துருத்திக்கொண்டு நின்றது. அக்கா பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டார்.

"கவுந்து தலைகீழாத் தொங்குறாரு தம்பி," என்று தோணிக்கார பாய் என்னிடம் சொன்னார். அவருக்குப் பல் தந்தியடித்தது. "வார் போட்டுக் கட்டியிருக்கு. எங்க அவுக்கணும்னு தெரியல. தடவிப் பாத்து அறுத்துட்டேன். அல்லா காப்பாத்தினான்."

ஆஸ்பத்திரியில் தோளை இழுத்து வைத்துக் கட்டினார்கள். நெற்றிக்குத் தையல் போட்டேன். மறுநாள் அவருக்கு நினைவு தெளிந்துவிட்டது. ஆனால் ஒரு துண்டு காணாமல் போயிருந்தது. அக்காவின் முந்தானை ஞாபகம் இருந்தது. கூட்டம் ஓடியது ஞாபகம் இருந்தது. ஆற்றைப் பார்த்துத் திரும்பினது வரைக்கும் இருந்தது. அடுத்த ஞாபகம் ஆஸ்பத்திரி உத்தரம்தான்.

டாக்டர் வந்தார், போலீஸ் வந்தது, மேரி என்று நாங்கள் சொல்லும் நகராட்சி அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். என்ன ஆச்சு என்று எல்லோரும் கேட்டார்கள். "தெரியலைங்க, தண்ணிக்கடியில ஏதோ இருந்திருக்கும், முளை கிளை அடிச்சு வச்சிருப்பாங்க" என்றார் அவர். ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மணல்திட்டு இடித்தது என்றார்கள். எஞ்சின் நின்றுவிட்டது என்றார்கள். முதலை என்றுகூட ஒரு பேச்சு வந்தது. அரசலாற்றில் முதலையை நான் கேள்விப்பட்டதே இல்லை.

தோணிக்கார பாய் தினமும் அவரைப் பார்க்க வந்தார். ஒருவரை மவுத்திலிருந்து, அதாவது சாவிலிருந்து, இழுத்து வந்தால் அவர் பாதி உறவு என்பது அவர் கணக்கு. ஒரு நாள் இளநீர் கொண்டுவருவார், ஒரு நாள் வீட்டில் செய்த வட்டிலப்பம். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அந்த யந்திரத்தைப் பற்றி விசாரிப்பார். நான் மருந்து கொடுக்கிற சாக்கில் அங்கேயே நின்றுவிடுவேன்.

"காத்து எந்தப் பக்கம் அடிச்சா இறங்குவீங்க?"

"எதுத்தாப்புலதான் பாய். உங்க தோணிக்கு நேர்மாறு."

"அலை இருந்தா?"

"சின்ன அலை நல்லதுங்க. ஒண்ணுமே அசையாம தண்ணி கண்ணாடி மாதிரி கிடந்தாதான் பயம். வானம் அப்படியே தண்ணியில தெரியும். எங்க தண்ணி ஆரம்பிக்குதுன்னு கண்ணுக்குத் தெரியாது. இன்னும் பத்தாள் உயரம் இருக்குன்னு நெனச்சு நேராக் கொண்டுபோய்க் குத்திக்கிட்டவங்க உண்டு. சைகோன்ல எங்க முதலாளி ஜன்னல் வழியா ஒரு தேங்காய் மட்டையைத் தூக்கிப் போடுவாரு. அது மிதக்குறதப் பாத்து உயரத்தைக் கணக்குப் போட்டுக்குவாரு."

பாய் அதை ரசித்துத் தலையாட்டினார். "காத்தில்லாத தண்ணி எங்களுக்கும் ஆவாது," என்றார். "ஆனா நாங்க நின்னுக்குவோம். நீங்க நிக்க முடியாது போலருக்கு."

"முடியாதுங்க. வந்துட்டா இறங்கியாகணும்."

இன்னொரு நாள் பாய்தான் அந்தப் பேச்சை எடுத்தார். எந்த உள்நோக்கமும் இல்லாமல்தான். "நீங்க இறங்கும்போது நான் படகுலேருந்து பாத்துக்கிட்டே இருந்தேன் தம்பி. அழகா வந்துச்சு. கொக்கு இறங்குற மாதிரி காலு ரெண்டையும் நீட்டிக்கிட்டு."

அவர் படுத்திருந்த இடத்திலிருந்து தலையைத் தூக்கினார். "காலா?"

"சக்கரந்தாங்க. கொக்கு, நாரை எல்லாம் தண்ணியத் தொடுறதுக்கு முன்ன காலை நீட்டுதுல்ல. இதுக்கும் அப்படித்தான் போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

பாய் சிறிது நேரம் இருந்துவிட்டுத் தொழுகைக்கு நேரமாகிறது என்று போனார். நான் தையலுக்கு மருந்து வைக்கக் குனிந்தபோது அவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"நீங்க கரையிலதானே நின்னீங்க. பிளேன் மல்லாந்து கெடந்தப்ப பாத்தீங்களா?"

"பாத்தேங்க."

"சக்கரம் எங்க இருந்துச்சு?"

"மேலே."

"பக்கவாட்டுல மடங்கிக் கிடந்துச்சா, நிமிந்து நின்னுச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க ஒன்றும் இல்லை. அந்தக் காட்சி கண்ணை மூடினாலும் தெரிந்தது. தண்ணீருக்கு மேலே இரண்டு சக்கரங்களும் வானத்தைப் பார்த்து நின்றன. அதில் ஒன்று சும்மா சுற்றிக்கொண்டுகூட இருந்தது. ஊரே அதைப் பார்த்தது. அது அப்படி இருக்கக் கூடாது என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. நான் சொல்லப்போவது அவருக்கு நல்ல செய்தி இல்லை என்பது அவர் கேட்ட விதத்திலேயே தெரிந்தது. ஆனாலும் நர்ஸாக இருப்பவள் பார்த்ததைப் பார்த்தபடி சொல்லத்தானே பழகியிருக்கிறாள்.

"நிமிந்து நின்னுதுங்க. ரெண்டும்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். வலிக்கிறதோ என்று நினைத்தேன். கொஞ்சம் பொறுத்துத் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டுத் தானாகவே பேசினார்.

"அப்ப முளையும் இல்ல, திட்டும் இல்ல. நாந்தான்."

"எனக்குப் புரியலைங்க."

"தரையில சக்கரம் உருளும். தண்ணியில உருளாது, குழி தோண்டும். வர்ற வேகத்துல அது தண்ணியக் கவ்விக்கிட்டா உடம்பு மட்டும் முன்னால போவும். போனா கவுறத் தவிர வழியில்ல. தண்ணியில இறங்குறதுன்னா சக்கரத்தை மடக்கி மேல தூக்கிக்கணும். படகு வயிறுதான் தண்ணியத் தொடணும். இது முதல் பாடம். அக்கா விரிச்ச போர்வைக்காகச் சக்கரத்தை இறக்கினேன். சனங்க ஓடி வந்தாங்க. சரி ஆத்துக்குப் போவோம்னு திருப்பினேன். எடத்த மாத்தினேன். சக்கரத்த மாத்தல."

"மறந்து தரையில சக்கரம் இல்லாம இறங்கிட்டா?"

"அது ஒண்ணுமில்லைங்க. வயித்துல கொஞ்சம் தேயும், கேலி பண்ணுவாங்க. இதுதான் ஆளை முடிக்கும்."

என் பழைய சந்தேகத்துக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் அன்று அதைக் கேட்டுச் சந்தோஷப்பட முடியவில்லை.

அக்காவுக்கு வேறு ஒரு கவலை அரித்துக்கொண்டிருந்தது என்பது எனக்கு வீட்டில் தெரியும். சமைப்பார், கேரியரில் போட்டு எடுத்து வருவார், தம்பிக்கு ஊட்டிவிடுவார். ஆனால் பேச்சு குறைந்துவிட்டது. பள்ளிக்கூடத்திலும் யாரோடும் பேசுவதில்லை என்று கேள்வி. ஒரு சாயங்காலம் கிணற்றடியில் துணி அலசிக்கொண்டே, "என் வாய்தான் அவனக் கவுத்துடுச்சு," என்றார். "ஊரக் கூட்டாம இருந்திருந்தா அவன் பாட்டுக்கு மணல்ல இறங்கியிருப்பான்." நானும்தானே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அக்காவின் தம்பியிடமே இதைச் சொன்னேன். மறுநாள் அக்கா ரசஞ்சாதத்தைப் பிசைந்துகொண்டிருக்கும்போது அவர் எல்லாவற்றையும் சொன்னார், என்னிடம் சொன்ன அதே வார்த்தைகளில். அக்கா கேட்டுவிட்டு, "அப்பவும் சனங்க ஓடினதாலதானே நீ திரும்பினே," என்றார்.

"ஆமா. ஓடாம இருந்திருந்தா இறங்கியிருப்பேன். ஓடினாங்க, திரும்பினேன். திரும்பினது சரி. ஆத்துக்குப் போனதும் சரி. கையில ஒரு பிடி இருக்கு, அதத் தூக்கணும். அது என் வேலை, உன் வேலையில்ல."

"நீ என்னைச் சமாதானப்படுத்தச் சொல்றே."

"சமாதானப்படுத்தணும்னா முளை இருந்துச்சுன்னே சொல்லிட்டுப் போயிருப்பேனே அக்கா."

அக்கா ஒரு கவளத்தை எடுத்து அவர் வாயில் வைத்தார். நம்பினாரா என்று எனக்குத் தெரியவில்லை.

விசாரணைக்கு வந்த அதிகாரியிடமும் அவர் மறைக்கவில்லை. முன்பு முளை என்று சொன்னது தவறு, சக்கரத்தை மடக்க மறந்தேன் என்று தானே சொன்னார். அதற்குள் தோணிக்கார பாயும் மீனவர்களும் தண்ணீர் வற்றுகிற நேரம் பார்த்து, கயிறு கட்டி இழுத்து, விமானத்தை நிமிர்த்திக் கரையோரம் சேர்த்திருந்தார்கள். உள்ளே சேறும் நண்டுமாக இருந்தது. எஞ்சினைக் கழற்றி எடுத்துப்போக ஒரு மெக்கானிக்கை ஏற்றிக்கொண்டு மெட்ராஸிலிருந்து இன்னொரு விமானம் வந்தது. அதே ஜாடைதான்.

இந்த முறை போலீஸ் கூட்டத்தைக் கயிறு கட்டி நிறுத்தியிருந்தது. அக்காவின் தம்பியும் கையைக் கழுத்தில் கட்டிய தூளியில் மாட்டிக்கொண்டு, டாக்டரிடம் அனுமதி வாங்கிக் கரைக்கு வந்திருந்தார். விமானம் தாழ்ந்து வந்தபோது எல்லாக் கண்களும் அதன் வயிற்றடியைத்தான் பார்த்தன. சக்கரம் கீழே இல்லை. ஊரே இப்போது அதில் நிபுணராகிவிட்டிருந்தது. தண்ணீரைச் சீவிக்கொண்டு இறங்கி, வேகம் குறைந்து, வாத்து மாதிரி நின்றது. சிலர் கைதட்டினார்கள்.

வந்த விமானி தடித்த, கலகலப்பான மனிதர். தண்ணீரிலேயே சக்கரங்களை இறக்கிவிட்டு, கட்டுமரம் இழுக்கிற சரிவு வழியாக விமானத்தை அப்படியே கரைக்கு ஏற்றிவிடலாம் என்று பார்த்தார். அப்படிச் செய்வதுண்டாம். பாதி ஏறியதும் இடது சக்கரம் சேற்றில் புதைந்தது. விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, இறக்கை நுனியிலிருந்த சின்னப் படகு உண்மையிலேயே அங்கே அடித்திருந்த ஒரு வலை முளையில் மோதிச் சப்பளிந்துபோயிற்று. தடித்தவர் கதவைத் திறந்து இறங்கி, முழங்கால் அளவு சேற்றில் நின்று, அதைப் பார்த்தார்.

அக்காவின் தம்பி சிரிக்க ஆரம்பித்தார். விபத்துக்குப் பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். தோள் வலித்தது போலிருக்கிறது, வலது கையால் அதைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தடித்தவர் அவரைத் திரும்பிப் பார்த்து, "உனக்குத் தண்ணி, எனக்குச் சேறு. மிச்சம் இருக்கிறது மரத்துல மோதுறதுதான்," என்றார்.

பாயின் ஆட்கள் மறுபடியும் கயிறோடு வந்தார்கள். மெக்கானிக் அந்தச் சப்பளிந்த மிதவையைத் தட்டி எடுத்து, தகடு வைத்து அடைத்தார். சரியாகிவிட்டதா என்று தடித்தவர் தனியாக ஒரு சுற்றுப் போய் வந்தார். பிறகு பாயைக் கூப்பிட்டு, உதவிக்குப் பதிலாக ஒரு வட்டம் சுற்றிக் காட்டுவதாகச் சொன்னார்.

பாய் ஒரு காலைப் படியில் வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார். "எனக்கு வேணாங்க. நர்ஸம்மா போகட்டும். இதப் பத்தி ரொம்பக் கேள்வி கேட்டுச்சு."

வேடிக்கை பார்க்க வந்து கரையில் நின்ற டாக்டரை நான் பார்த்தேன். அவர் தலையாட்டினார். ஏறப்போகும்போது பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது. "நானும் வர்றேன்."

தம்பி திகைத்துவிட்டார். "அக்கா, உனக்கு மாட்டுவண்டியிலயே தலை சுத்தும்."

"சுத்தட்டும்," என்று சொல்லி அக்கா புடவையைச் செருகிக்கொண்டு ஏறினார்.

மேலே போனதும் எனக்குப் பயம் வரவில்லை. பார்க்க இவ்வளவு இருக்கும்போது பயப்பட நேரமில்லை. ஆறு பழுப்பாகப் போய்க் கடலில் கலக்கிற இடத்தில் ஒரு கோடு இருந்தது. கடல் அதற்கப்பால்தான் நீலம். வயல்கள் அறுவடை முடிந்து மஞ்சள் கட்டங்களாகக் கிடந்தன. அதில் எது எங்களுடையது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அக்கா அதையெல்லாம் பார்க்கவில்லை. "கடற்கரைக்கு மேல போவச் சொல்லு," என்றார். தடித்தவர் திருப்பினார். அங்கே மணலில் கொஞ்சம் பேர் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு பார்த்தார்.

"எறும்பு மாதிரி தெரிவாங்கன்னு நெனச்சேன்," என்றார். "அந்தப் பொம்பள இடுப்புல புள்ள வச்சிருக்கா. இங்கேருந்து தெரியுது."

"ஆமாங்கக்கா."

"அவன் பாத்திருப்பான்ல. எல்லாரையும் பாத்திருப்பான்." கொஞ்ச நேரம் கழித்து, "திரும்பாம என்ன செய்வான்," என்றார். அவருடைய பழைய குரல் அதில் இருந்தது.

இறங்கும்போது தடித்தவர் முன்னாலிருந்து உரக்கக் கேட்டார். "அம்மா, உங்க பக்கம் எட்டிப் பாருங்க. சக்கரம் கீழ தொங்குதா?"

அக்கா எட்டிப் பார்த்தார். "இல்ல, மடங்கியிருக்கு."

"உங்க பக்கம்?"

"மடங்கியிருக்குங்க," என்றேன். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

தண்ணீர் மெத்தென்று இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஜல்லி கொட்டிய பாதையில் வண்டி ஓடுவது போல அடியில் தடதடவென்று அடித்தது. அவ்வளவு கெட்டியாகத் தண்ணீர் இருக்கும் என்பதை நான் அதற்கு முன்னாலும் அறிந்ததில்லை, பின்னாலும் அறிந்ததில்லை. வேகம் குறைந்த பிறகுதான் அது பழைய தண்ணீராயிற்று.

கம்பெனி அக்காவின் தம்பியைச் சில காலம் ஓட்டவிடவில்லை. தோள் சேர்ந்த பிறகு மறுபடி பரீட்சை வைத்து எடுத்துக்கொண்டார்கள். பல வருடம் ஓட்டினார். இடது கையை முழுதாக மேலே தூக்க மட்டும் அவருக்குக் கடைசி வரை வரவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து விடுபட்டு அவர் மெட்ராஸுக்குக் கிளம்பிய அன்று நானும் அக்காவும் பஸ் ஏற்றிவிடப் போனோம். மாயவரம் போகிற வண்டி, அங்கே ரயிலைப் பிடிக்க வேண்டும். அக்கா கட்டுச்சாத மூட்டையை ஜன்னல் வழியாகக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, கண்டக்டர் அவர் கையிலிருந்த தூளியைப் பார்த்துவிட்டு வந்தார்.

"சார், ஆத்துல கவுந்தது நீங்கதானுங்களா?"

"ஆமாங்க. நாந்தான்."

"தப்பா நெனச்சுக்காதீங்க. சக்கரம் இறங்கியிருந்தா எப்படிங்க கவுறும்? வண்டிக்குச் சக்கரம் இல்லன்னாத்தானே கவுறும்."

அவர் நகர்ந்து உட்கார்ந்து பக்கத்தில் இடம் விட்டார். கண்டக்டர் டிக்கெட் பையோடு உட்கார்ந்துவிட்டார். முன்சீட்டுக்காரர்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தும் விசில் வரவில்லை. நல்ல கையை விமானமாக வைத்து, முழங்காலைத் தண்ணீராக வைத்து, அவர் மெதுவாக இறங்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.